மனச்சோர்வும் மனப்பதற்றமும் எத்தனை பேருக்கு? தண்டையார்பேட்டை மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தண்டையார்பேட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை, மருந்தாளுநர். "இந்தியர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநோய்" என்று செய்தித்தாளில் வரும் நாளெல்லாம், சீட்டை நீட்டுகிறவர்கள் நான் மாத்திரை அட்டையை வெட்டிக் கவரில் போடுவதற்குள் ஒரு கேள்வியும் கேட்டுவிடுவார்கள். பின்னால் நான்கு பேர் நிற்கும்போது பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. மீதிப் பாதி இங்கே.

இந்தியாவில் மொத்தம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

உலக நோய்ச்சுமை ஆய்வு 2017ஆம் ஆண்டுக்குப் போட்ட இந்தியக் கணக்கு இது. மனச்சோர்வு உள்ளவர்கள் 4.57 கோடி. மனப்பதற்ற நோய் உள்ளவர்கள் 4.49 கோடி. மக்கள்தொகையில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.3 சதவீதம். இரண்டையும் கூட்டி ஒன்பது கோடி என்று சொல்லிவிடாதீர்கள். சோர்வும் பதற்றமும் ஒரே ஆளிடம் சேர்ந்து குடியிருப்பது சாதாரணம். கூட்டினால் அந்த ஆளை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

அப்படியானால் "ஏழில் ஒருவர்" என்பது?

அதே ஆய்விலிருந்து வந்ததுதான். மொத்தம் 19.73 கோடிப் பேர், அதாவது 14.3 சதவீதம். ஆனால் அதில் அறிவுவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மனச்சிதைவு, குழந்தைகளின் நடத்தைக் கோளாறுகள் எல்லாம் அடக்கம். தலைப்பு போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. படிக்கிறவர் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்குகிறார்.

மனச்சோர்வு ஓரிடத்தில் 2.7 சதவீதம், ஓரிடத்தில் 4.5, சென்னையில் மட்டும் 15 என்கிறார்கள். இதில் எது பொய்?

எதுவும் பொய் இல்லை. அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

2.7 சதவீதம் தேசிய மனநல ஆய்வின் கணக்கு. பெங்களூருவில் உள்ள நிமான்ஸ் என்ற மனநல ஆராய்ச்சி நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று ஏறத்தாழ 35,000 பெரியவர்களிடம் பேசி எடுத்தது. 4.5 சதவீதம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டுக்குப் போட்ட மதிப்பீடு. 15.1 சதவீதம் நம் ஊரில் நடந்த ஆய்வு. சென்னையின் அன்றைய 155 வார்டுகளில் 46 வார்டுகளைத் தேர்ந்தெடுத்து, 20 வயதுக்கு மேற்பட்ட 25,000க்கும் அதிகமானவர்களிடம் கேட்டு, 2009இல் வெளியிட்டார்கள்.

காசிமேட்டில் வலை வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது வலைக்கண்ணின் அளவை. பெரிய கண் என்றால் பெரிய மீன் மட்டும் நிற்கும். சின்னக் கண் என்றால் பொடியும் சேர்ந்து வரும். நிமான்ஸ் ஆய்வில் பயன்பட்டது பெரிய கண் வலை. பயிற்சி பெற்றவர் எதிரே உட்கார்ந்து, நோய் என்று சொல்வதற்கான விதிகள் ஒவ்வொன்றாகப் பொருந்துகின்றனவா என்று கேட்டுக்கொண்டே போவார். சென்னை ஆய்வில் பயன்பட்டது கேள்வித்தாள். தூக்கம், பசி, அசதி, ஆர்வம் ஆகியவற்றைப் பற்றிய சின்னக் கேள்விகள், அவற்றுக்கு மதிப்பெண்.

கேள்வித்தாள் என்றாலே ஒரு கணக்கு உண்டு. மருத்துவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஒன்பது கேள்வித் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்து மதிப்பெண் வந்தால் மேலே விசாரிக்க வேண்டும். 2001இல் அதைச் சோதித்தவர்கள், நோய் உள்ள நூறு பேரில் 88 பேரை அது பிடிக்கிறது, நோய் இல்லாத நூறு பேரில் 88 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்றார்கள். நல்ல கருவிதான். இப்போது ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பேர் உள்ள ஒரு குடியிருப்பில் 30 பேருக்கு உண்மையாகவே மனச்சோர்வு நோய் என்று வைத்துக்கொள்வோம். தாள் அவர்களில் 26 பேரைப் பிடிக்கும். மீதி 970 பேரில் நூற்றுக்கு 12 பேர் வீதம் 116 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். கூட்டினால் 142. மூன்று சதவீதம் 14 சதவீதமாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கணக்கில் தவறு செய்யவில்லை.

அந்த 116 பேர் சும்மா மாட்டியவர்கள் என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. வேலை போனவர், மகள் திருமணக் கடனில் இருப்பவர், சர்க்கரையால் கால் எரிகிறவர் எல்லாம் அதில் இருப்பார்கள். மருத்துவ விதிப்படி நோயாளி அல்லர். ஆனாலும் நன்றாக இருக்கிறார் என்று சொல்ல முடியாது. பெரிய கண் வலைக்கு இவர்கள் கண்ணிலேயே படுவதில்லை.

"இப்போது இருப்பவர்கள்", "வாழ்நாளில்" என்று இரண்டு கணக்கு எதற்கு?

இன்று காய்ச்சல் உள்ளவர்களை எண்ணுவது ஒன்று. என்றைக்காவது காய்ச்சல் வந்தவர்களை எண்ணுவது இன்னொன்று. நிமான்ஸ் ஆய்வில் மனச்சோர்வு இப்போது உள்ளவர்கள் 2.7 சதவீதம், வாழ்நாளில் ஒருமுறையாவது வந்தவர்கள் 5.2 சதவீதம். செய்திகளில் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது வாடிக்கையாகிவிட்டது.

எங்கள் தெருவில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொன்னதே இல்லையே?

என் கடையிலும் இந்த 22 ஆண்டுகளில் மிகச் சிலரே சொல்லியிருக்கிறார்கள். "கேஸ் மாத்திரை கொடுங்கள்" என்பார்கள். "நெஞ்சு அடைக்கிறது, ஏப்பம் வரவில்லை" என்பார்கள். "கை கால் குடைச்சல்", "தலை பாரம்", "உடம்பெல்லாம் அசதி, ஒரு சத்து டானிக் கொடுங்கள்". ஆண்கள் என்றால் "நரம்புத் தளர்ச்சி". சுவர் விளம்பரங்கள் கற்றுக்கொடுத்த சொல் அது. அதற்குள் எதை வேண்டுமானாலும் போட்டு மூடலாம். "மனசு சரியில்லை" என்பதுதான் பெண்கள் அதிகபட்சமாகச் சொல்வது. அதையும் மற்றவர்கள் நகர்ந்த பிறகு, சில்லறையை எண்ணிக்கொண்டே சொல்வார்கள்.

இது நடிப்பு இல்லை. மனச்சோர்வு பலருக்கு உடம்பில்தான் முதலில் உட்காருகிறது. அந்தச் சென்னை ஆய்விலேயே சோகமான மனநிலை 30.8 சதவீதத்தினருக்கும் அசதி 30 சதவீதத்தினருக்கும் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று தோளுரசிக்கொண்டு நிற்கின்றன. ஆகவே "சோகமாக இருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்கும் ஆய்வில் எங்கள் தெரு சுகமாகத்தான் இருக்கும்.

யார் கேட்கிறார், அப்போது பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதும் எண்ணிக்கையை மாற்றும். எங்கள் வீட்டுக்கே ஒருமுறை கல்லூரிப் பெண் ஒருத்தி ஆய்வுக்காகக் கேள்வித்தாளோடு வந்தாள். அம்மா கூடத்தில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நானும் என் மனைவியும் பக்கத்தில். "கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, பாட்டி?" அம்மா என்னைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "எனக்கென்னம்மா குறை? பிள்ளை கடை வைத்திருக்கிறான். மருமகள் வேளைக்குச் சோறு போடுகிறாள்." பூச்சியம். ஒன்பது கேள்விக்கும் பூச்சியம். தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டு நாங்கள் இருவரும் குடத்தோடு வெளியே போனோம். நான் திரும்பி வந்தபோது தாள் பைக்குள் போயிருந்தது. அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவர் போன பிறகு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது கண்ணு. அப்புறம் தூக்கமே கிடையாது. விடிகிற வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்." அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். பேனாவை மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வசதியானவர்களுக்கு வரும் நோய்தானே இது?

சினிமாவில் அப்படி. அந்தச் சென்னை ஆய்வில் குறைந்த வருமானக்காரர்களிடம் 19.3 சதவீதம், வசதியானவர்களிடம் 5.9 சதவீதம். மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். கணவனையோ மனைவியையோ இழந்தவர்களில் 20 சதவீதம், மணமுறிவு ஆனவர்களில் 26.5 சதவீதம்.

நிமான்ஸ் ஆய்வும் பெருநகரங்களில் மனநிலைக் கோளாறுகளும் பதற்றம் சார்ந்த கோளாறுகளும் இரண்டு மூன்று மடங்கு கூடுதல் என்கிறது. பெருநகரம் என்றவுடன் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களை நினைத்துக்கொள்கிறார்கள். துறைமுகத்துக் கன்டெய்னர் லாரி வரிசையில் இரவு முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவரும் பெருநகரத்துக்காரர்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ராயபுரம் பக்கமிருந்து வரும் சீட்டுகளில் பாதிக்கு, பத்து நாள் மாத்திரைக்குப் பதில் மூன்று நாள் மாத்திரைதான் வாங்குவார்கள். வருமானத்துக்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறவர்கள் மே மாதம் என் கடையில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

பெண்களுக்குத்தான் அதிகம் என்கிறார்கள். உண்மையா?

எல்லா ஆய்விலும் பெண்கள் கொஞ்சம் மேலே இருக்கிறார்கள். சென்னையில் பெண்கள் 16.3, ஆண்கள் 13.9 சதவீதம். பிள்ளை பெற்ற பிறகு வரும் மனச்சோர்வை இதில் தனியாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். காரணங்களாக அவர்கள் கண்டவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கைக்கு உதவி ஆள் இல்லாதது. இதில் எதற்கும் என் அலமாரியில் மருந்து இல்லை. "பச்சை உடம்பு, காற்று கருப்பு பட்டிருக்கும்" என்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. கயிறும் கட்டுங்கள், தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிப்போகும் அன்று தாயின் தூக்கத்தைப் பற்றியும் அங்கே செவிலியரிடம் சொல்லுங்கள் என்பேன்.

ஆண்கள் தப்பித்தார்களா?

அவர்கள் வேறு கட்டத்தில் எண்ணப்படுகிறார்கள். நிமான்ஸ் ஆய்வில் மதுப்பழக்கக் கோளாறு 4.6 சதவீதம், பெரும்பாலும் ஆண்கள். "தூக்கம் வரவில்லை, அதனால் குடிக்கிறேன்" என்று சொல்பவரை எந்தக் கட்டத்தில் போடுவது? குடி சோர்வைக் கொண்டுவரும், சோர்வு குடியைக் கொண்டுவரும். வீட்டில் எல்லோருக்கும் தெரிவது குடி மட்டும்.

தமிழ்நாடு ஏன் பட்டியலில் மேலே இருக்கிறது?

மனச்சோர்வு கூடுதலாக உள்ள மாநிலங்களில் தமிழ்நாடு, கேரளம், தெலங்கானா, கோவா முன்வரிசையில் இருப்பது உண்மை. வடமாநிலங்களில் குழந்தைப் பருவக் கோளாறுகள் கூடுதல், தெற்கே பெரியவர்களின் சோர்வும் பதற்றமும் கூடுதல் என்று அதே 2017 கணக்கு காட்டுகிறது. வயது ஏற ஏற மனச்சோர்வு கூடுகிறது, நம் மாநிலத்தில் முதியவர்கள் அதிகம். அது ஒரு காரணம். மனச்சோர்வு கூடிய மாநிலங்களில் தற்கொலையும் கூடுதலாக இருப்பதை அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது. 2022இல் நாடு முழுவதும் பதிவான 1,70,924 தற்கொலைகளில் 19,834 தமிழ்நாட்டில். மக்கள்தொகையில் நம் பங்கோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். பட்டியலில் முந்துவதில் பெருமைப்பட ஒன்றுமில்லாத இடம் இது.

முன்பைவிடக் கூடிவிட்டதா?

இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாட்டின் மொத்த நோய்ச்சுமையில், அதாவது நோயாலும் அகால மரணத்தாலும் இழக்கும் ஆண்டுகளின் கணக்கில், மனநலக் கோளாறுகளின் பங்கு 1990இல் 2.5 சதவீதம், 2017இல் 4.7 சதவீதம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் இது பங்கு. வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் குறைந்துவிட்டால், தட்டில் மிச்சமிருப்பது பெரிதாகத் தெரியும். எல்லோருக்கும் மனம் இரண்டு மடங்கு கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை.

கொரோனாவின் முதல் ஆண்டில் உண்மையாகவே கூடியது. உலக அளவில் சோர்வும் பதற்றமும் 25 சதவீதம் உயர்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்தபோது, ஒரு படகுக்காரர் கையில் எரிச்சலுக்குக் களிம்பு வாங்க வந்தார். அடுத்த வாரமும் களிம்பு. மூன்றாவது வாரம் கை ஆறியிருந்தது. "தூங்குவதற்கு ஏதாவது இருக்கிறதா அண்ணே?" என்றார்.

சாதாரணக் கவலைக்கும் நோய்க்கும் எங்கே கோடு?

நாள் கணக்கும், வேலை கெடுவதும். இரண்டு வாரம், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி மனம் மூழ்கிக் கிடந்து, தூக்கமும் பசியும் வேலையும் கெட்டால் மனச்சோர்வு என்று விசாரிப்பார்கள். எதைப் பற்றியும் ஓயாத கவலை ஆறு மாதம் நீடித்தால் மனப்பதற்ற நோய். திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்ற பயம் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்குவது பீதித் தாக்கு. முதல் முறை நெஞ்சு அடைத்தால் "இது மனசுதான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். மூன்றாம் முறையும் இ.சி.ஜி. நன்றாக இருந்தால், நான்காம் முறை கேஸ் மாத்திரைக்கு என்னிடம் வராதீர்கள். தைராய்டு, இரத்தசோகை, சர்க்கரை ஆகியவையும் இதே அசதியைக் காட்டும். இரத்தப் பரிசோதனை எழுதுகிற மருத்துவர் காசு பிடுங்குகிறார் என்று நினைக்க வேண்டாம்.

இத்தனை பேர் இருந்தால் மருத்துவமனைகள் நிரம்பி வழிய வேண்டுமே?

வழியவில்லை, ஏனென்றால் போவதில்லை. சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநலக் கோளாறு உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை என்கிறது நிமான்ஸ் ஆய்வு. எனக்கு எல்லா எண்களையும்விட இதுதான் உறுத்துகிறது. 2.7ஆ 15ஆ என்று சண்டை போடும் நேரத்தில், ஆறு ஏழு பேரில் ஒருவர்தான் மருத்துவரைப் பார்த்திருக்கிறார்.

போவதென்றால் எங்கே?

இங்கிருந்து பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டு போட்டுக்கொண்டு போகலாம். இன்னொன்று கீழ்ப்பாக்கத்து அரசு மனநலக் காப்பகம். 1794இல் தொடங்கியது, 1871 முதல் இப்போதுள்ள இடத்தில் இருக்கிறது. "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கிவிட்டோம், அந்த வெட்கத்தில்தான் பலர் போவதில்லை. அங்கேயும் காலையில் வந்து மருந்து வாங்கிக்கொண்டு மதியம் வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். நேரில் போகத் தயக்கம் என்றால் டெலி மானஸ், எண் 14416. 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது. இருபத்துநான்கு மணிநேரமும் இலவசம், தமிழில் பேசலாம். உயிரை விடும் எண்ணம் வருகிறது என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள், இல்லையென்றால் கூடவே ஒருவரை அழைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தற்கொலைக்கு முயன்றவரைக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமா?

அந்தப் பயத்தில் நேரத்தைக் கடத்தாதீர்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

மாத்திரை பழகிவிடுமா?

இரண்டு வகை மாத்திரைகளைக் குழப்பிக்கொள்வதால் வரும் கேள்வி. மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதும் மாத்திரை மெல்லத்தான் வேலை செய்யும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதனால்தான் பத்தாம் நாளே "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். அது அடிமையாக்கும் மருந்தில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம், மருத்துவர் சொல்லி மெல்லக் குறைக்க வேண்டும். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை வேறு சாதி. போட்ட அன்றே பலன் தெரியும், பழகவும் பழகும். சீட்டில்லாமல் விற்கக் கூடாது. வாங்குகிறவர் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. "ஒரே ஒரு அட்டை, தம்பி" என்று கெஞ்சும் பெரியவருக்கு நான் இல்லை என்று சொல்வது திமிரால் அல்ல.

உங்கள் கடைக்கே வந்து பேசலாமா?

வரலாம். காலை பத்து வரையும் மாலை ஆறுக்கு மேலும் கூட்டம். மதியம் இரண்டு முதல் நான்கு வரை ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். கடைப் பையன் சாப்பிடப் போயிருப்பான். கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறது, தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. கூட யாரையும் அழைத்து வர வேண்டாம். கேஸ் மாத்திரை வேண்டும் என்றே தொடங்குங்கள்.